ஒரே கூரை போதும், ஒரே அறை கூடாது

கேள்வி: எங்களிடம் அரை ஏக்கர் நிலம் இருக்கிறது. 6 பெட்டை வெள்ளாடு, 1 கிடா, 25 கோழி என்று சிறிய அளவில் தொடங்க நினைக்கிறோம். செலவைக் குறைக்க ஆட்டையும் கோழியையும் ஒரே கொட்டகையில் அடைக்கலாமா? தரைக்குச் சிமெண்ட் பூசிவிடு, சுற்றிலும் 7 வரி முள்கம்பி இழுத்துவிட்டால் போதும் என்கிறார்கள். கோழிக்குத் தனி வேலி வேண்டுமா? எதை முதலில் செய்வது?

பதில்: ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே அறையில் அடைக்காதீர்கள். பகலில் இரண்டும் ஒன்றாக மேய்வதால் பெரிய கெடுதல் இல்லை. சாணத்தையும் புழுக்கையையும் கோழி கிளறினால் ஈப்புழு குறையும், அது நல்லதுதான். கோழியின் ரத்தக்கழிச்சல் ஆட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. கோழியைத் தாக்கும் ரத்தக்கழிச்சல் கிருமி வேறு, ஆட்டுக் குட்டியைத் தாக்குவது வேறு. ஒன்றின் கிருமி மற்றதில் வளராது.

உண்மையான ஆபத்து தீவன மூட்டையில் இருக்கிறது. கோழித் தீவனம் பெரும்பாலும் தானியமாவு. ஆட்டின் முதல் வயிறு நார்த்தீனியை மெல்ல நொதிக்க வைக்கப் பழகியது. அதில் ஒரே மூச்சில் ஒன்றிரண்டு கிலோ மாவுத் தீனி விழுந்தால் சில மணி நேரத்தில் அமிலம் பெருகி, அசைபோடுவது நின்றுவிடும். ஆடு சோர்ந்து நிற்கும், பல்லைக் கடிக்கும், இடது விலா உப்பும், பிறகு தண்ணீராகக் கழியும். துள்ளுமாரி என்னும் ஆட்டு நோயின் கிருமியும் இதே சந்தர்ப்பத்தில்தான் குடலில் பெருகி நஞ்சைக் கக்குகிறது. மாலையில் துள்ளிக்கொண்டிருந்த ஆடு காலையில் செத்துக் கிடக்கும். இப்படித் தின்றுவிட்டது என்று தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அதுவரை தானியம், பிண்ணாக்கு போன்ற அடர்தீவனம் எதுவும் காட்டாமல் காய்ந்த புல்லை மட்டும் போடுங்கள். கோழித் தீவனம் சிலவற்றில் ரத்தக்கழிச்சலுக்கு எதிரான மருந்தும் கலந்திருக்கும். கோழிக்கான அளவில் சேர்த்த அந்த மருந்து ஆட்டுக்கு ஆகாமல் போகலாம். ஆகவே மருத்துவரிடம் தீவனப் பையின் சீட்டையும் காட்டுங்கள்.

இரண்டாவது காரணம் எச்சம். இருட்டியதும் கோழி கிடைப்பதிலேயே உயரமான இடத்தில்தான் ஏறி அடையும். ஆட்டுக் கொட்டகையில் அந்த இடம் புல் வைக்கும் தட்டியாகவோ தண்ணீர்த் தொட்டியின் விளிம்பாகவோ இருக்கும். எச்சம் விழுந்த தீனியை ஆடு முகர்ந்துவிட்டு விலகிவிடும். தீனியில் பாதி குப்பைக்குப் போகும். எச்சம் கலந்த தண்ணீரால் கழிச்சல் வரும்.

எனவே கட்டடத்தை இப்படி யோசியுங்கள். அகலம் 10 அடி, நீளம் 33 அடி. ஒரு கோடியில் ஆட்டுக்கு 20 அடி, மறு கோடியில் கோழிக்கு 8 அடி, நடுவில் 5 அடிக்குத் தீவன அறை. தாய் ஆட்டுக்குக் கூரைக்குக் கீழே 15 சதுர அடி, கிடாவுக்கு 25, பால் மறந்த குட்டிக்கு 5 என்று வைத்துக்கொண்டால், 6 தாய், 1 கிடா, ஒரு சமயத்தில் 10 குட்டி, அதோடு ஈனுவதற்கு 4 அடிக்கு 5 அடி தனித்தடுப்பு எல்லாம் சேர்ந்து 185 சதுர அடி ஆகிறது. 20 அடிக்கு 10 அடி போட்டால் 200, கொஞ்சம் மிச்சமும் இருக்கும். இன்று 7 உருப்படிதானே என்று 100 சதுர அடியில் கட்டுபவர்கள் முதல் ஈற்றிலேயே நெரிசலில் மாட்டிக்கொள்கிறார்கள். குட்டிகளுக்கான இடத்தை முதல் நாளே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

நடுவிலுள்ள தீவன அறைக்குக் கதவு வெளிப்பக்கம் மட்டும் இருக்கட்டும். ஆட்டின் பக்கமோ கோழியின் பக்கமோ கதவு வைத்தால் என்றாவது ஒருநாள் அது திறந்து கிடக்கும். அறைக்குள்ளும் தீவனத்தை மூட்டையாக வைக்காமல் மூடியுள்ள தகர டிரம்மில் கொட்டி வையுங்கள். எலி வராது, எலியைத் தேடிப் பாம்பும் வராது.

கோழி போய்வர அதன் அறைக்கு ஒரு சிறு வாசல் வேண்டும். 10 அங்குல அகலம், 12 அங்குல உயரம் போதும். பெரிய ஆடு நுழைய முடியாது. ஆனால் ஒரு மாதக் குட்டி நுழைந்துவிடும். வாசலை உயரத்தில் வைத்தாலும் பயனில்லை, ஏறுவதில் கோழியை விடக் குட்டி கெட்டி. இதற்கு வாசலைச் சுருக்குவதில் தீர்வு இல்லை, தீவனம் வைக்கும் முறையில்தான் இருக்கிறது. கோழித் தீவனத்தை நாள் முழுக்கத் திறந்து வைக்காதீர்கள். காலையில் குட்டிகளைத் திறந்துவிடுவதற்கு முன்பும், மாலையில் அவற்றை அடைத்த பிறகும் வைத்து, மிச்சத்தை எடுத்துவிடுங்கள். அப்படி முடியாதென்றால், கோழி மிதித்தால் மட்டும் மூடி திறக்கும் தீவனப் பெட்டி நல்லது. ஆனால் குட்டி அந்த மிதிபலகையில் கால் வைக்கக் கற்றுக்கொள்கிறதா என்று முதல் வாரம் கவனியுங்கள்.

தரை

சிமெண்ட் தரையை ஆட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கழுவ வசதி என்பது மட்டும்தான் அதன் நன்மை. சிறுநீர் இறங்க வழியில்லாமல் மேலேயே நிற்கும், குளிரில் சில்லிடும், முழங்காலில் புண் வரும். கழுவக் கழுவ ஈரம் நிற்பதால் குளம்பு அழுகலும் குட்டிகளுக்குச் சளியும் வரும். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் 4 அடிக்கு 1 அங்குலமாவது சரிவு கொடுத்து, மேலே நான்கைந்து அங்குலம் காய்ந்த கூளம் பரப்பிக்கொள்வதே வழி.

மழை குறைவான, நீர் வடியும் நிலமென்றால் மண்தரை போதும். சுற்றுத் தரையை விட ஒன்றரை அடி உயர்த்தி, கிராவல் மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, மேலே காய்ந்த கூளம் போடுங்கள். மழை அதிகம், தரையில் ஈரம் ஊறும் என்றால், மரச்சட்டங்களைச் சந்து விட்டு அடித்துத் தரைக்கு மேலே உயர்த்திய பரண்தான் சரி. பரணில் கெட்டுப்போவது பெரும்பாலும் சட்டங்களுக்கு இடையேயுள்ள சந்து. அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை இருக்க வேண்டும். குட்டிகளை வைக்கும் பகுதியில் அரை அங்குலத்தைத் தாண்டாதீர்கள், குளம்பு சிக்கிக் கால் முறியும். அரை அங்குலத்துக்கும் குறைந்தால் புழுக்கை விழாமல் அடைத்துக்கொள்ளும், அப்புறம் பரண் போட்டதற்கே அர்த்தமில்லை. சட்டம் 2 முதல் 3 அங்குல அகலம், ஒன்றரை அங்குலத் தடிமன். கீழே தாங்கும் கட்டைகள் 2 அடிக்கு ஒன்று. பச்சை மரத்தில் சட்டம் அறுத்துப் போட்டால் காய்ந்ததும் சுருங்கிச் சந்து அகலமாகிவிடும். ஆகவே நன்கு காய்ந்த மரத்தை வாங்குங்கள்.

பரணின் உயரம் ஆட்டுக்காக அல்ல, கீழே கூட்டுபவருக்காக. 3 அடிக்குக் குறைந்தால் மண்வெட்டி நுழையாது, நுழையாத இடத்தை யாரும் கூட்ட மாட்டார்கள். கீழே குவிந்த புழுக்கையிலிருந்து எழும் அம்மோனியா, மேலே படுத்திருக்கும் ஆட்டின் மூக்குக்கு நேராக வரும். 4 அடி இருந்தால் வேலை சுலபம். ஏறும் சாய்வுப் பலகை ஒரு அடி உயரத்துக்கு 3 அடி நீளம் என்ற கணக்கில் இருக்கட்டும். அதன்மேல் அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் அடியுங்கள். செங்குத்தாக வைத்தால் சினை ஆடு வழுக்கும். பரணுக்கு அடியில் கோழி புகாமல் வலை கட்டிவிடுவதும் நல்லது. இல்லாவிட்டால் அங்கே முட்டை வைக்கும், ஆட்டுச் சிறுநீரில் நனைந்தபடி அடைகாக்கவும் உட்கார்ந்துவிடும்.

சுவர் கீழே 3 அடிக்கு அடைப்பாக இருந்தால் போதும். படுத்திருக்கும் ஆட்டின்மேல் நேராகக் காற்று அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். அதற்கு மேல் கூரை விளிம்பு வரை வலை மட்டும் அடித்து, மழை அடிக்கும் பக்கத்தில் சுருட்டி இறக்கும் தார்ப்பாய் கட்டுங்கள். குளிருமே என்று நாற்புறமும் மூடிவிடுவதுதான் ஆட்டுக்கு நிமோனியா வரவழைக்கும் வழி. ஆடு குளிரைத் தாங்கும், ஈரக்காற்றைத் தாங்காது. விடியற்காலையில் உள்ளே போய் ஆட்டின் உயரத்துக்குக் குனிந்து மூச்சிழுத்துப் பாருங்கள். மூக்கில் நெடி ஏறினாலோ கண் கரித்தாலோ காற்றோட்டம் போதவில்லை. கூரை விளிம்பில் 8 அடி, நடுவில் 10 அடி உயரம் வைத்து, கூரையை 2 அடி வெளியே நீட்டுங்கள். வெயில் கடுமையான இடத்தில் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் காலை, மாலை வெயில் குறுகிய பக்கத்தில் மட்டும் விழும்.

தீனித் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் சுவருக்கு வெளியே தொங்கட்டும், ஆடு தலையை மட்டும் நீட்டித் தின்னட்டும். ஒரு பெரிய ஆட்டுக்கு 16 அங்குலம் வீதம் 6 ஆட்டுக்கு 8 அடி நீளத் தொட்டி. ஆட்டுக்குத் தொட்டிக்குள் நிற்பது ஒரு தனி இன்பம். புழுக்கை விழுந்த தீனி பிறகு யாருக்கும் ஆகாது.

கோழி அறை

25 கோழிக்கு 80 சதுர அடி, பகலில் வெளியே விடும்போது தாராளம். 10 அடி அகலத்துக்கு இரண்டு கம்பு, ஒன்றுக்கொன்று ஒன்றரை அடி தள்ளி, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளிக் கட்டினால் ஒரு கோழிக்கு ஏறத்தாழ 10 அங்குலம் கிடைக்கும். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். படிப்படியாக வைத்தால் மேல்படிக்குத் தினமும் சண்டை. கம்பு 2 அங்குலத் தடிமனில், விளிம்பு மழுக்கியதாக வேண்டும். கம்பைச் சுவரோடு ஆணி அடித்து இறுக்காமல், கழற்றி எடுக்கும்படி தாங்கியில் உட்கார வையுங்கள். சிவப்பு உண்ணி பகலில் கம்பின் முனைச் சந்தில்தான் ஒளிந்திருக்கும். கம்பை எடுத்து வெயிலில் போட்டு, சந்தைச் சுரண்டினால்தான் அதை ஒழிக்க முடியும்.

முட்டைப் பெட்டி ஓரடிக்கு ஓரடி, 5 கோழிக்கு ஒன்று என்று 5 பெட்டி. கம்பை விடத் தாழ்வாக இருப்பது முக்கியம். பெட்டி உயரமாக இருந்தால் கோழி அதிலேயே அடைந்து, முட்டையெல்லாம் எச்சமாக்கும். தரையில் 4 அங்குலம் உமியோ மரத்தூளோ போட்டு வாரம் இருமுறை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துக் கையில் அழுத்தி விடுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம், அந்த ஈரத்தில்தான் ரத்தக்கழிச்சல் கிளம்பும். பெரும்பாலும் தண்ணீர்க் குடுவையைச் சுற்றித்தான் நனையும். குடுவையைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கித் தொங்கவிட்டாலே பாதி ஈரம் போய்விடும்.

அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை, கோழியை உள்ளே நிறுத்தும். வெளியே இருந்து வரும் நாயையோ கீரியையோ நிறுத்தாது, நாய் பல்லாலேயே பிய்த்துவிடும். இரவு அறையின் எல்லாத் திறப்புக்கும் அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த இரும்பு வலை போடுங்கள். மண்தரை என்றால் கூளத்துக்கு அடியிலும் அதே வலையைப் பரப்பிச் சுவரோடு சேர்த்துவிடுங்கள். அப்போதுதான் எலி வளை தோண்டி உள்ளே வராது.

வேலி

முள்கம்பியை மறந்துவிடுங்கள். 7 வரி இழுத்தால் வரிகளுக்கு இடையே 7, 8 அங்குலம் இருக்கும். குட்டி அதில் தாராளமாகப் புகும். பெரிய ஆடு கம்பியைத் தூக்கி நெளிந்து போகப் பார்க்கும். மடியும் காதும் கிழியும். பால்மடியில் விழுந்த கிழிசல் பல சமயம் அந்த மடியின் ஆயுளையே முடித்துவிடும். வலைக்கு மேலே, வெளிப்பக்கமாக ஒரே ஒரு வரி முள்கம்பி போடுவதில் தவறில்லை, அது ஏறி வருபவற்றுக்கானது.

உங்களுக்கு வேண்டியது முடிச்சுப் போட்டுப் பின்னிய கம்பி வலை, கண் 4 அங்குலத்துக்கு 4 அங்குலம். 6 அங்குலக் கண் ஏன் கூடாதென்றால், கொம்புள்ள ஆடு தலையை முன்னால் நுழைத்துவிடும், பின்னால் இழுக்கும்போது கொம்பு மாட்டிக்கொள்ளும். அப்படி மாட்டிய ஆடு வெயிலில் சாகும், இல்லாவிட்டால் நாய்க்கு வசதியாகிவிடும். பற்றவைத்த வலையை வெளிவேலிக்குப் போட்டால், ஆடு முன்னங்காலைத் தூக்கி வைத்து நிற்க நிற்க ஒட்டுகள் ஒவ்வொன்றாக விட்டுப்போகும். டைமண்ட் வலை கிடைக்குமென்றால் அதுவும் சரிதான். ஆனால் மேலும் நடுவிலும் கீழும் தடித்த கம்பி ஓட்டி வலையை அதோடு பின்னிக் கட்டாவிட்டால், ஒரே வருஷத்தில் அடிப்பாகம் தூக்கிக்கொள்ளும்.

உயரம் 5 அடி. பெட்டை ஆட்டை நிறுத்த 4 அடியே போதும். ஆனால் கிடாவுக்கும் வெளியே இருந்து தாண்டும் நாய்க்கும் 5 வேண்டும். ஆட்டுக் கொட்டகையை விட வேலிக்கு அதிகம் செலவழிப்பது வீண் இல்லை. பட்டிக்குள் புகுந்த இரண்டு நாய் ஒரே இரவில் மந்தை முழுவதையும் கடித்துப் போட்டுவிடும்.

சதுரமான அரை ஏக்கரின் சுற்றளவு ஏறத்தாழ 590 அடி. 10 அடிக்கு ஒரு தூண் என்றால் 60 தூண், மூலைக்கும் வாசலுக்கும் தனி. சாதாரணத் தூண் 7 அடி நீளம், 2 அடி மண்ணுக்குள். மூலைத் தூண் 8 அடி நீளம், 3 அடி மண்ணுக்குள். வேலியின் பலம் முழுவதும் மூலையில்தான் இருக்கிறது. வலையை இழுத்துக் கட்டும்போது மூலைத் தூணின் தலை உள்பக்கம் சாயப் பார்க்கும். அதைத் தடுக்க, மூலைத் தூணிலிருந்து 8 அடி தள்ளி இன்னொரு பலமான தூணை நட்டு, இரண்டின் தலைக்கும் இடையே ஒரு குறுக்குக் கட்டை கொடுங்கள். பிறகு இரண்டாவது தூணின் தலையிலிருந்து மூலைத் தூணின் அடிக்குக் கம்பியை இரட்டையாகச் சுற்றி, நடுவில் குச்சி விட்டு முறுக்குங்கள். இந்தக் கம்பியைப் பலர் தலைகீழாக, மூலைத் தூணின் தலையிலிருந்து இரண்டாவது தூணின் அடிக்குக் கட்டிவிடுகிறார்கள். அது தூணைச் சாயவிடாமல் தடுப்பதற்குப் பதிலாக, சாயும் பக்கமே இழுக்கும். மூலைக்கு இரண்டு திசையிலும் இந்த அமைப்பு வேண்டும். கல்தூணுக்குச் சாய்வாக முட்டுக்கல் கொடுப்பதும் பலன் தரும். ஆனால் பட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முட்டுக்கல் ஆட்டுக்கு ஏணி. அதை வேலிக் கோட்டிலேயே, வலைக்கு வெளிப்புறம் அமையுங்கள்.

வலையைத் தூணின் உள்பக்கம், அதாவது ஆட்டின் பக்கம் கட்ட வேண்டும். ஆடு சாய்ந்து உரசும்போது வலை தூணோடு அழுந்தும். வெளிப்பக்கம் கட்டினால் ஒவ்வொரு உரசலும் கட்டுக்கம்பியைப் பிடுங்கும். வேலியிலிருந்து 6 அடிக்குள் விறகுக் குவியல், தொட்டி, தாழ்ந்த கூரை எதுவும் இருக்கக் கூடாது.

அடியில் தோண்டி வருவதைத் தடுக்க, வலையை ஆழமாகப் புதைப்பதை விட ஒன்றரை அடி அகல வலையை வேலியின் வெளிப்பக்கம் தரையோடு படுக்க வைத்து, வேலியின் அடியோடு பிணைத்து, மேலே கல்லோ மண்ணோ போடுவது சுலபம். வேலி ஓரத்தில் தோண்டத் தொடங்கும் நாய் கீழே வலை தட்டுப்பட்டதும் விட்டுவிடும். பின்னால் நகர்ந்து தோண்ட அதற்குத் தோன்றுவதில்லை.

கோழிக்குத் தனி வேலி வேண்டுமா என்று கேட்டீர்கள். இதே வேலியின் உள்பக்கம் கீழ் 2 அடிக்கு மட்டும் சிறுகண் கோழிவலையைக் கட்டினால் குஞ்சும் வெளியே போகாது. 5 அடியைத் தாண்டிப் பறக்கும் கோழிக்கு ஒரு சிறகின் நீண்ட முன்னிறகுகளை மட்டும் கத்தரியுங்கள். இரண்டு சிறகையும் வெட்டினால் சமநிலை கெடாது, பறந்துகொண்டேயிருக்கும். இறகு உதிர்ந்து புதிதாக முளைத்ததும் மறுபடி வெட்ட வேண்டும். காய்கறிப் பாத்தி இருந்தால் அதைச் சுற்றித்தான் தனி வேலி வேண்டும்.

மின்வேலி உங்கள் அளவுக்குக் கட்டாயமில்லை. வலையில் ஆடு சாய்வதைத் தடுக்க, உள்பக்கம் ஒரு அடி உயரத்தில், வலையிலிருந்து அரை அடி தள்ளி ஒரே ஒரு கம்பி ஓட்டினால் வலையின் ஆயுள் கூடும். வேலிக்கென்றே செய்த மின்துடிப்புக் கருவியை மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கொடுப்பது ஆளைக் கொல்லும். ஆட்டுக்குக் குறைந்தது 4,000 வோல்ட் இருந்தால்தான் உறைக்கும். அவ்வளவு வரவில்லையென்றால் கருவியைக் குறை சொல்லும் முன் அதன் தரைக்கம்பியை, அதாவது எர்த் கம்பியைப் பாருங்கள். 6 அடி நீளத்தில் மூன்று கம்பி, 10 அடி இடைவெளியில், ஈரமண்ணில் இறங்கியிருக்க வேண்டும்.

வாசல் கதவு உள்பக்கம் திறக்கட்டும். முட்டும் ஆடு கதவைச் சட்டத்தோடுதான் அழுத்தும், திறக்காது. கதவுக்கு அடியில் சந்து 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தூக்கிவிடும் சாதாரணத் தாழ்ப்பாளை ஆடு உதட்டாலேயே திறக்கப் பழகிவிடும். அதோடு சுருக்குக் கொக்கி ஒன்றும் சேர்த்துப் போடுங்கள்.

கிடாவின் தடுப்புக்கு வலை மட்டும் போதாது, வலை வழியாகவே சினைப்படுத்திவிடும். கீழ் 3 அடிக்குப் பலகை அடித்துவிடுங்கள். 3 மாதம் முடிந்த கிடாக்குட்டிகளையும் பெட்டைகளிடமிருந்து பிரித்துவிட வேண்டும்.

அரை ஏக்கர் மேய்ச்சல் 7 ஆட்டுக்குப் போதாது, தீனியின் பெரும்பகுதியை வெட்டித்தான் போட வேண்டியிருக்கும். இருக்கும் நிலத்தையும் ஒரே பட்டியாக விட்டால் வயிற்றுப்புழு தங்கிவிடும். வெப்பமும் ஈரமும் உள்ளபோது புழுக்கையில் விழுந்த முட்டை ஒரு வாரத்துக்குள் தொற்றும் புழுவாகிப் புல்லின் அடிப்பாகத்தில் ஏறிக் காத்திருக்கும். உள்ளே எளிய தடுப்பு வேலியால் நிலத்தை ஏழெட்டுப் பாத்தியாகப் பிரித்து, ஒன்றில் 4, 5 நாளுக்கு மேல் விடாமல் மாற்றுங்கள். புல் 4 அங்குலத்துக்குக் குறையும் முன் மாற்றிவிட வேண்டும். பனி உலராமல் திறந்துவிடக் கூடாது.

வேலை வரிசை இதுதான்: முதலில் மூலைத் தூண்களும் வெளிவேலியும், அடுத்துத் தீவன அறை, பிறகு ஆட்டுப் பகுதி, கடைசியாகக் கோழி அறை. வேலி முடிந்ததும் கைமுட்டியை வைத்துக்கொண்டு அடியைச் சுற்றி ஒரு நடை வாருங்கள், முட்டி நுழையும் சந்தையெல்லாம் அடைத்துவிடுங்கள். ஆடுகளை ஒரே இடத்தில், ஒரே நாளில் வாங்கப் பாருங்கள். பின்னால் ஒன்றிரண்டு சேர்ப்பதானால், கொட்டகையிலிருந்து தள்ளி ஒரு தற்காலிகத் தடுப்பில் 30 நாள் வைத்து, புழு மருந்தும் தடுப்பூசியும் கொடுத்த பிறகே மந்தையோடு விடுங்கள். அந்தத் தடுப்புக்கு வேண்டிய 4 தூணையும் வலையையும் இப்போதே சேர்த்து வாங்கிவிடலாம்.